பாவித்த ஒலிவாங்கிகளில் பொருந்தும் இணையைத் தேர்ந்தெடுத்தல்

வட்டக்களரியின் நடுவே கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்க, கூத்தர் அவரைச் சுற்றி ஆடிவரும் வடமோடிக் கூத்தை ஸ்டீரியோவில் பதிவுசெய்யும்போது, கேட்பவரின் காதுக்கு அந்தச் சுழற்சி தெரிய வேண்டும். இரண்டு ஒலிவாங்கிகளும் ஒரே தன்மையுடையனவாக இருந்தால்தான் அது கைகூடும். அடுத்தடுத்த தொடரிலக்கங்களை மட்டும் நம்பி நான் ஒருமுறை மட்டக்களப்பில் ஓர் இணையை வாங்கினேன். முதற் பதிவிலேயே அண்ணாவியாரின் குரல் இடப்பக்கம் சாய்ந்தது; கைத்தாளமான சல்லரி அடிபடும்போதெல்லாம் அதன் ஓசை இன்னும் இடப்பக்கம் தாவியது. குரலின் சாய்வை ஒலியளவை மாற்றித் திருத்த முடிந்தது. சல்லரியின் தாவல் உயர் அதிர்வெண்களில் இரண்டும் வேறுபட்டதால் வந்தது என்பதால் அதைத் திருத்த முடியவில்லை.

அடுத்தடுத்த இலக்கங்கள், இரண்டும் அடுத்தடுத்துச் செய்யப்பட்டன என்பதற்கு மேல் எதையும் உறுதிப்படுத்துவதில்லை. இணை என்பது அளந்து சேர்க்கப்படுவது. ரோட் என்.டி.5 போன்ற ஒலிவாங்கிகள் தொழிற்சாலையிலேயே இணையாகச் சேர்த்து விற்கப்படுகின்றன என்றாலும், பின்னர் ஒன்று பழுதாகி அதன் இடத்தில் வேறொன்று வைக்கப்பட்டிருக்கலாம். ஆகவே, சோதித்துப் பார்க்க விற்பவர் இடம் தராவிட்டால் வாங்காமல் விடுவதே நல்லது. ஒலிவாங்கிகளுக்கு வேண்டிய 48 வோல்ற் மின்சாரம் வழங்கும் இரு தடப் பதிகருவி, ஒரே வகையான இரண்டு கேபிள்கள், காதை மூடும் ஹெட்போன், சிறிய ஸ்பீக்கர் ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

முதலில் டோர்ச் அடித்து முன்வலையையும் மூன்று ஊசிகளையும் பாருங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழும் நமக்குப் பச்சைக் களிம்பு புதிதல்ல. ஒன்றில் மட்டும் அது படிந்திருந்தால் இரண்டும் வெவ்வேறு இடங்களில் இருந்தவையாகலாம். அடுத்து, அமைதியான அறையில் ஒலியளவைக் கூட்டி, ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் தனித்தனியே கேளுங்கள். சட்டியில் நெல் பொரிவது போன்ற சத்தம் இடையிடையே வந்தால், கொண்டென்சர் ஒலிவாங்கியின் (அந்த 48 வோல்ற்றில் இயங்கும் வகை) உள்ளே ஈரம் புகுந்து மின்கசிவு ஏற்படுகிறது என்று ஐயப்படலாம். இந்தக் குறை மாரியில் வெளிப்படும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒளிந்துகொள்ளும். அதனால் மாரிகாலத்தில் வாங்குவதையே நான் விரும்புகிறேன்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கழித்தல் சோதனை. இரண்டு ஒலிவாங்கிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக, முகங்கள் ஒரே கோட்டில் இருக்குமாறு வைத்து, ஒரு மீற்றர் தொலைவிலுள்ள ஸ்பீக்கரில் இரைச்சல் ஒலியை ஓடவிடுங்கள். 10,000 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 சென்ரிமீற்றர்தான் என்பதால், ஒரு முகம் ஒரு சென்ரிமீற்றர் பின்னால் போனாலும் சோதனை பிழையாகிவிடும். பின்னர் ஒரு தடத்தின் துருவத்தைப் புரட்டி (அதாவது அதன் ஒலியலையைத் தலைகீழாக்கி), இரு தடங்களையும் ஒன்றாகக் கூட்டி, எஞ்சும் ஒலி மிகக் குறையும்வரை ஒரு பக்கத்தின் அளவை மெல்ல மாற்றுங்கள். அளவில் ஒரு டெசிபல் வேறுபாடு இருக்கும்வரை, எஞ்சும் ஒலி தனி ஒலிவாங்கியின் அளவிலிருந்து ஏறத்தாழ 19 டெசிபல்தான் இறங்கும். அரை டெசிபல் என்றால் 25 வரை இறங்கும். அளவை எவ்வளவு சரிசெய்தும் "ஸ்" என்ற சீறல் மட்டும் போகாமல் நின்றால், இரண்டும் உயர் அதிர்வெண்களில் ஒத்துப்போகவில்லை. முடிவுக்கு வருமுன் கேபிள்களையும் தடங்களையும் மாற்றிப் பாருங்கள். குறை ஒலிவாங்கியுடன் சேர்ந்து நகர்ந்தால் மட்டுமே அது ஒலிவாங்கியின் குறை. துருவத்தைப் புரட்டுமுன்பே ஒலி மங்கி, புரட்டியதும் நிறைந்து கேட்டால், கேபிளிலோ ஒலிவாங்கியிலோ இரு வயர்கள் மாறிப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அது எளிதில் திருத்தக்கூடியது; விலை பேசும்போது சொல்லலாம்.

நேர்முகமாகப் பொருந்துவது மட்டும் போதாது. ஓ.ஆர்.டி.எஃப். என்ற ஸ்டீரியோப் பதிவு முறையில் ஒலிவாங்கிகள் 17 சென்ரிமீற்றர் இடைவெளியில் 110 பாகை விரிந்து நிற்பதால், நடுவில் நிற்பவரின் குரல் ஒவ்வொன்றுக்கும் 55 பாகை பக்கவாட்டில்தான் சென்று சேர்கிறது. எனவே, மேலுள்ளதை இடப்பக்கமும் கீழுள்ளதை வலப்பக்கமும் 55 பாகை திருப்பி, அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள். நேரே நன்றாகக் கழிந்த இணைகள் இங்கே தோற்பதை நான் கண்டிருக்கிறேன். பின்புறமிருந்தும் பேசிப் பாருங்கள். முன்னொலியையே பெரிதும் வாங்கும் கார்டியோயிட் ஒலிவாங்கிகளில் ஒன்று மட்டும் பின்னொலியைக் கூடுதலாக வாங்கினால், அதன் பக்கத்துளைகள் அழுக்கால் அடைபட்டிருக்கலாம். தாழ்சுரம் வெட்டும் சுவிட்சும் ஒலியைத் தணிக்கும் சுவிட்சும் இரண்டிலும் ஒரே நிலையில் இருக்கின்றனவா என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

வாங்கிய பின்னர் இடது, வலது என்று அடையாளமிட்டு, இரண்டையும் சிலிக்கா ஜெல் இட்ட ஒரே பெட்டியில் வையுங்கள். ஒன்றைத் தனியாக இரவல் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு மாரிக்குப் பின்னரும் கழித்தல் சோதனையைச் செய்து, முதல் நாளில் குறித்துவைத்த அளவுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.