கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகும் வலி விடவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

"கை வலி போயிடுச்சு டாக்டர், கழுத்துதான் அப்படியே இருக்கு." கழுத்து டிஸ்க் ஆபரேஷன் முடிந்து மறுபரிசோதனைக்கு வருகிறவர்கள் பலர் இப்படிச் சொல்வார்கள். ஆபரேஷன் வீணாகிவிட்டது என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிட்டும் வந்திருப்பார்கள். இதுதான் முதல் தவறு.

இந்த ஆபரேஷனில், கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் கெட்டுப்போயிருந்தால் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எலும்புத் துண்டோ கூண்டு போன்ற சிறிய தாங்கியோ வைத்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு மேல் கீழ் எலும்புகளை ஒட்ட வைக்கிறார்கள். பெரும்பாலும் 5, 6, 7-ஆம் கழுத்தெலும்புகளுக்கு இடையில்தான் இது நடக்கும். நரம்பின் மேலும் தண்டுவடத்தின் மேலும் உள்ள அழுத்தத்தை எடுப்பதுதான் முக்கிய நோக்கம். அதனால் கைக்கு இறங்கும் வலி சீக்கிரம் குறைகிறது. கழுத்து வலிக்கோ தசை, பின்பக்கச் சிறு மூட்டுகள், பல வருடத் தேய்மானம் என்று வேறு காரணங்களும் உண்டு. பிளேட் போட்டதால் அவை மாறிவிடாது. எலும்பு ஒட்டுவதற்கே 3 மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகும். பிடரிப் பக்கம் திறந்து ஆபரேஷன் செய்தவர்களுக்குத் தசையை விலக்கியிருப்பதால் வலி இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும்.

அடுத்தது காலர், அதாவது கழுத்துப் பட்டை. டாக்டர் சொன்ன நாள் முடிந்த பிறகும் பயத்தில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு. தலையைத் தாங்கும் வேலையைக் காலரே செய்தால் கழுத்துத் தசை மெலிந்துபோகும். கழற்றியதும் வலி கூடும், திரும்பவும் மாட்டுவார்கள். டாக்டர் அனுமதித்த பிறகு தினமும் நடப்பதும், பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் பயிற்சியும்தான் இதற்கு வழி. தலைக்குக் கை கொடுத்து, தலை அசையாமல் மெதுவாக அழுத்தும் பயிற்சியில்தான் பெரும்பாலும் தொடங்குவார்கள். பார்க்க ஒன்றுமே செய்யாதது போலத் தெரிவதால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

இருப்பதிலேயே மோசமானது சுளுக்கு வழிக்கப் போவது. சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து 'டக்'கென்று திருப்பி நெட்டி எடுக்கிறார்களே, அதுவும் இதில் சேர்த்தி. நாற்காலியில் உட்காரும்போதே "கழுத்தைத் தொடாதீங்கண்ணே, ஆபரேஷன் பண்ணியிருக்கு" என்று சொல்லிவிடுங்கள். முடித்த பிறகு சொல்லலாம் என்றிருந்தால் அவர் கை முந்திக்கொள்ளும்.

மருந்துக்கடையில் நீங்களாகவே வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போடுவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கேபாபென்டின், பிரிகாபலின் போன்ற நரம்பு வலி மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவதும் தவறு. டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சிகரெட், பீடி பிடிப்பவர்களுக்கு எலும்பு ஒட்டுவது தாமதமாகும், சிலருக்கு ஒட்டாமலே போகும்.

"இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி டிஸ்பென்சரில் கவிழ்ப்பவர்களையும் சொல்ல வேண்டும். அது 20 கிலோவுக்கு மேல். அதைவிட, தூக்கியபடியே உடம்பைத் திருப்புவதுதான் வம்பு.

எல்லா வலியையும் கழுத்தின் தலையில் கட்டுவதும் சரியல்ல. சுகர் உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது சகஜம். கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தொட முடியவில்லை என்றால் தோளையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அதற்கு வைத்தியம் வேறு.

பொறுத்துப் பார்க்கவே கூடாத சிலவும் உண்டு. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவது, கையிலிருந்து பொருள் நழுவுவது, நடை தள்ளாடுவது, சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது, காய்ச்சலோடு தையல் போட்ட இடத்தில் நீர் வடிவது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறினாலோ, விழுங்குவது திடீரென்று சிரமமானாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

"உள்ளே கம்பி இருக்கு, எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். இப்போது போடுபவை பெரும்பாலும் டைட்டானியம். காந்தம் அதை இழுக்காது. ஆனாலும் ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுங்கள். எலும்பு ஒட்டிவிட்டதா என்று பார்க்க எக்ஸ்ரேயும் சி.டி.யும்தான் உதவும். மறுபரிசோதனைக்கு ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் எடுத்துப் போகாமல், ஆபரேஷனுக்கு முந்தைய பிலிமையும் கொண்டுபோங்கள்.