தரவிறக்காமலே புழல் ஏரியின் நீர்ப்பரப்பை அளப்பது எப்படி?

2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த ஜூனில் புழல் ஏரியில் எவ்வளவு பரப்புக்கு நீர் இருந்தது, 2024 தொடக்கத்தில் எவ்வளவு என்பதை வீட்டுக் கணினியிலேயே அளந்துவிடலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் எடுக்கும் படங்கள் எல்லோருக்கும் இலவசம். ஆனால் ஒரு நாளின் படத்தொகுப்பை முழுதாக இறக்கினால் ஒரு ஜிபி அளவுக்கு வரும். நமக்கு வேண்டியது அதில் ஒரு மூலை மட்டும்தான்.

அந்த மூலையை மட்டும் எடுக்க வழி செய்வது 'கிளவுட் ஆப்டிமைஸ்டு ஜியோடிஃப்' என்ற கோப்பு வகை. படம் சிறு சிறு கட்டங்களாக அடுக்கப்பட்டிருக்கும்; மென்பொருள் தேவையான கட்டங்களை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும். எலிமென்ட் 84 என்ற நிறுவனம் சென்டினல்-2 படங்களை இப்படி மாற்றி, அமேசான் கிளவுடின் ஒரிகன் மையத்தில் வைத்திருக்கிறது. அவற்றின் பட்டியலுக்குப் பெயர் எர்த் சர்ச். கணக்கு வேண்டாம், கார்டு வேண்டாம்.

செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலசும் கூகுள் எர்த் எஞ்சினிலும் இதைச் செய்யலாம். நாடு முழுவதற்கும் பத்தாண்டுக் கணக்குப் போட அதுதான் வசதி. ஆனால் புதிதாகத் தொடங்குபவர் முதலில் பதிவு, புராஜெக்ட் என்று அலைய வேண்டியிருக்கும். இதே படங்களை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்டின் பிளானட்டரி கம்ப்யூட்டரும் நல்லதுதான். அங்கே கோப்பு இணைப்புகளுக்கு டிஜிட்டல் கையொப்பம் (தற்காலிக அனுமதி) வாங்க வேண்டும், அது சிறிது நேரத்தில் காலாவதியாகிவிடும். அதனால் முதல் தடவைக்கு எர்த் சர்ச் பட்டியலையே சொல்வேன்.

பட்டியலைத் திறப்பது

கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளின் 3.42 அல்லது அதற்குப் பின் வந்த பதிப்பு வேண்டும். டேட்டா சோர்ஸ் மேனேஜரில் 'ஸ்டாக்' (STAC, இத்தகைய படப்பட்டியல்களுக்கான பொது வடிவம்) பகுதிக்குப் போய், எர்த் சர்ச்சின் வி1 முகவரியைக் கொடுத்துப் புது இணைப்பு உருவாக்குங்கள். தொகுப்பு 'சென்டினல்-2 எல்2ஏ' (வளிமண்டலத்தின் பாதிப்பை நீக்கிய படங்கள்). வரைபடத்தைப் புழல் மீது வைத்து, அந்தப் பரப்பையும் தேதிகளையும் வடிகட்டியாகக் கொடுங்கள்.

ஒவ்வொரு படத்துக்குள்ளும் பல கோப்புகள் இருக்கும். நமக்கு 'கிரீன்' (பச்சை ஒளி), 'நிர்' (NIR, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி) இரண்டு போதும். 'நிர்08' என்று இன்னொன்றும் இருக்கும். அது 20 மீட்டர் துல்லியம், நமக்கு வேண்டியது 10 மீட்டர். பெயரில் 'ஜேபி2' ஒட்டிக்கொண்டிருப்பவற்றைத் தொடாதீர்கள். அவை இருக்கும் கிடங்கில் எடுப்பவரே பணம் கட்ட வேண்டும்.

இரண்டையும் சேர்த்த பிறகு, ராஸ்டர் மெனுவில் 'கிளிப் ராஸ்டர் பை எக்ஸ்டென்ட்' மூலம் ஏரியை மட்டும் வெட்டிச் சேமியுங்கள்.

ஆயிரத்தின் சிக்கல்

நீரையும் நிலத்தையும் பிரித்துக் காட்டும் நீர்க்குறியீட்டின் சூத்திரம் எளிது: 'கிரீன்' எண்ணிலிருந்து 'நிர்' எண்ணைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். நீர் நேர்மமாக வரும், நிலம் எதிர்மமாக வரும். ஆனால் ராஸ்டர் கால்குலேட்டரைத் திறப்பதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள்.

2022 ஜனவரி 25 முதல் ஐரோப்பிய விண்வெளி முகமை ஒவ்வொரு புள்ளியின் எண்ணோடும் (அங்கிருந்து எதிரொளித்த ஒளியின் அளவு) 1000 கூட்டித் தருகிறது. மிக இருண்ட இடங்களில் எதிர்ம மதிப்பு வந்தால் அது தொலைந்துவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பிளானட்டரி கம்ப்யூட்டரில் அந்த 1000 அப்படியே இருக்கும். நாம்தான் கழிக்க வேண்டும். எர்த் சர்ச்சில் பெரும்பாலும் கழித்தே வைத்திருப்பார்கள். ஒரே செயற்கைக்கோள், ஒரே நாள், ஆனால் இரண்டு கிடங்குகளில் இரண்டு எண்கள்!

ஒரு நீர்ப்புள்ளியில் கிரீன் 500, நிர் 200 என்று வைத்துக்கொள்வோம். குறியீடு 0.43. ஆயிரத்தைக் கழிக்க மறந்தால் 1500, 1200 ஆகிக் குறியீடு 0.11க்கு இறங்கிவிடும். நீர் எது, நிலம் எது என்று பிரிக்கச் சுழியை எல்லையாக வைத்தவருக்குப் பாதிப்பில்லை. 0.2 வைத்தவருக்கு அந்தப் புள்ளி நீரே இல்லை. இதைவிட மோசம், ஏற்கெனவே கழித்ததில் மறுபடியும் கழிப்பது. அப்போது எண்கள் எதிர்மமாகி, குறியீடு -0.23 வரும். நிறைந்த ஏரி நிலமாகத் தெரியும்.

சோதிப்பது எப்படி? படத்தின் விவரங்களில் 'பிஓஏ ஆஃப்செட் அப்ளைட்' என்ற வரி 'ட்ரூ' என்றிருந்தால் கழித்தாயிற்று. அதோடு நிற்காமல், ஐடென்டிஃபை கருவியால் ஏரியின் நடுவில், தெளிந்த ஆழ்நீரில் நிர் படத்தைச் சொடுக்கிப் பாருங்கள். சில நூறுக்குள் இருந்தால் சரி. 2022க்குப் பிந்தைய படத்தில் ஆயிரத்தைத் தாண்டினால் கழிக்க வேண்டியது பாக்கி. 2019இல் முதலில் வெளியான படத்தில் இந்தத் தொல்லையே இல்லை; பின்னர் மறுசெயலாக்கம் செய்த பதிப்பானால் அதையும் இப்படியே சோதியுங்கள். பழையதை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்குப் புதியதோடு ஒப்பிடும்போது இது கண்ணில் படாமல் போகிறது.

பைத்தானில் செய்பவர்களுக்கு: கோப்பில் இருப்பவை குறியில்லா முழு எண்கள். தசம எண்ணாக மாற்றாமல் கழித்தால் எதிர்ம விடைகள் எல்லாம் அறுபதாயிரச் சொச்சமாக வந்து நிற்கும்.

பரப்பு

சூத்திரத்தின் விடையில் சுழிக்கு மேற்பட்டவற்றை 1 ஆக்கி, 'ராஸ்டர் லேயர் யூனிக் வேல்யூஸ் ரிப்போர்ட்' கருவியை ஓட்டினால் பரப்பு சதுர மீட்டரில் வரும். கையால் சரிபார்க்க, 10,000 புள்ளிகள் ஒரு சதுர கிலோமீட்டர்.

பின்சேர்க்கை: மேகம் 10 சதவீதத்துக்குள் என்று வடிகட்டினால் சில மாதங்களுக்குப் படமே கிடைக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அந்தச் சதவீதம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர் அகலமுள்ள முழுப் படத்துக்கானது. 40 சதவீத மேகம் உள்ள படத்திலும் புழல் மீது வானம் தெளிவாக இருக்கலாம். எல்லையைத் தளர்த்திவிட்டு, 'விஷுவல்' கோப்பைத் திறந்து ஏரியைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்கு வேறு வழியில்லை.