ஜியாலஜி கத்துக்கணுமா? முதல்ல இடம், அப்புறம் டாக்குமெண்டரி

பிள்ளைங்களுக்கு பூமி அறிவியல் புரியணும்னு ஐஸ்லாந்து எரிமலை, கிராண்ட் கேன்யன்னு டாக்குமெண்டரியா போட்டுக் காட்டுறோம், பாக்க பிரமாதமாத்தான் இருக்கு ஆனா ஒரு வாரத்துல மறந்துடுதுங்க, ஏன்னா அதெல்லாம் எங்கயோ இருக்கற கல்லு. அதனால ஆர்டரை மாத்துங்க. முதல்ல நேர்ல போகக்கூடிய இடத்தை முடிவு பண்ணிட்டு அதுக்கு ஏத்த படத்தைத் தேடுங்க.

என்னோட முதல் சாய்ஸ் பெரம்பலூர் மாவட்டம் காரை. திருச்சி-சென்னை ஹைவேல பாடாலூர்ல பிரிஞ்சு ஊட்டத்தூர் பக்கமா உள்ள போகணும். சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி இது கடலடி. அந்தக் களிமண்ணை மழை அரிச்சு அரிச்சு இப்ப ஒரே மேடும் பள்ளமுமா கெடக்கு. போறதுக்கு முந்தின நாள் பிபிசி 2007ல போட்ட 'எர்த்: தி பவர் ஆஃப் த பிளானட்'ல கடல் பத்தின பாகத்தை மட்டும் பாருங்க, இயன் ஸ்டூவர்ட்னு ஒரு ஜியாலஜிஸ்ட் நல்லா சொல்லுவாரு. பாத்துட்டு நோட்டுல ஒரே ஒரு கேள்வி எழுதுங்க: இங்க கடல் இருந்ததுக்கு என்ன சாட்சி? பத்து கேள்வியோட போனா ஒண்ணையும் உருப்படியா பாக்க மாட்டீங்க.

அங்க போனதும் போட்டோ எடுக்க ஓடாதீங்க, உக்காந்து தரையைப் பாருங்க. கண்ணாடித் துண்டு மாதிரி மினுக்குறது ஜிப்சம்ங்கற கனிமம். நகத்தால கீறுங்க, கோடு விழும், அவ்ளோ சாஃப்ட். வெயிலும் பொறுமையும் ஒத்துழைச்சா புல்லட் ஷேப்ல வழவழன்னு ஒண்ணு கண்ணுல படலாம், அது பெலம்னைட், நம்ம மீன் மார்க்கெட்ல விக்கிற கணவாயோட பழைய சொந்தக்காரன், அதோட உடம்புக்குள்ள இருந்த கெட்டியான பாகம் மட்டும் கல்லா மிஞ்சியிருக்கு. பக்கத்துல ஒரு ரூபா காசு வச்சு போட்டோ எடுங்க, அப்பதான் பின்னாடி சைஸ் தெரியும். தயவுசெஞ்சு எடுத்துட்டு வராதீங்க, அடுத்து வர்ற பிள்ளைக்கு அது அங்கயே இருக்கணும்.

அதே ட்ரிப்ல, அதே மாவட்டத்துல இருக்கற சாத்தனூர். 18 மீட்டருக்கு மேல நீளமான மரம், முழுசா கல்லு. 1940ல எம்.எஸ். கிருஷ்ணன்னு ஜியாலஜிகல் சர்வேக்காரர் கண்டுபிடிச்சு சொன்னது. கடலடி மண்ணுக்குள்ள மரம் எப்படி வந்துச்சுன்னு பிள்ளைங்களையே கேளுங்க, உடனே பதில் சொல்லிடாதீங்க. ஆத்தோட வந்து கடல்ல மூழ்கி புதைஞ்சு, மரம் இருந்த இடத்துல கொஞ்சம் கொஞ்சமா சிலிக்கா (மணல்ல இருக்கற அதே பொருள்) உக்காந்ததுன்னு அவங்களே பாதி தூரம் வந்துடுவாங்க. நேரம் இருந்தா அரியலூர் பக்கம் வாரணவாசி புதைபடிவ மியூசியத்துக்கும் போயிடுங்க. வழியெல்லாம் சிமெண்ட் ஆலையா ஏன் இருக்குன்னா அதுக்கும் அந்தப் பழைய கடலோட சுண்ணாம்புக்கல்லுதான் காரணம்.

புதுச்சேரிக்காரங்களுக்கு திருவக்கரை கிட்ட, அங்க இருக்கற கல்மரங்கள்ல கிளையும் இல்ல வேரும் இல்ல, ஏன்னு யோசிக்க வைங்க. சென்னைல இருக்கவங்க பரங்கிமலைக்குப் போங்க, அந்தக் கருநீலக் கல்லு சார்னோகைட், பூமிக்கு ரொம்ப ஆழத்துல உருவானது, வயசு 250 கோடி வருஷம் பக்கம். கொல்கத்தாவுல கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் கல்லறைல இருக்கற கல்லும் இதே வகைதான், பேரும் அவர் பேருதான்.

திரும்பி வந்ததும் அதே படத்தை இன்னொரு வாட்டி போடுங்க, இந்தத் தடவை பிள்ளைங்க நிறுத்தி நிறுத்தி பேசுவாங்க, முதல் தடவை சும்மா பாத்த சீன்லயே பத்து விஷயம் சொல்லுவாங்க.

போறதுன்னா ஜனவரி, பிப்ரவரி. காரைல நிழலே கெடையாது, ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, தொப்பி, நல்ல ஷூ, பத்து மடங்கு பெருசா காட்டுற ஒரு லென்ஸ் (10x) போதும். சுத்தியல் வேணவே வேணாம்.

போக வழியில்லன்னா உங்க தெருவுல போர்வெல் போடுறப்ப பத்து அடிக்கு ஒரு கைப்பிடி மண்ணு கேட்டு வாங்கி கவர்ல போட்டு ஆழத்தை எழுதி வரிசையா அடுக்குங்க, கலர் எங்க மாறுது, மண்ணு எந்த அடியில பாறையாகுதுன்னு கண்ணு முன்னாடியே தெரிஞ்சிடும்.