இடது முன் சக்கரத்தில் ஓர் உறுமல்

எங்கள் பழைய பெட்ரோல் காரில் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் 'ஊம்ம்' என்று ஓர் உறுமல் கிளம்பும். வேகம் கூடக் கூடச் சுருதியும் ஏறும். டயர்தான் காரணம் என்றார் மெக்கானிக். புது டயருக்குப் பணம் கொடுக்கும் முன் நானே பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

ஆளில்லாத நேர் ரோட்டில் ஓடும்போதே நியூட்ரலுக்கு மாற்றினேன். இன்ஜின் அடங்கியது, உறுமல் அடங்கவில்லை. அப்புறம் முன், பின் டயர்களை இடம் மாற்றிப் போட்டேன். சத்தம் முன்பக்கமே இருந்தது. சரி, டயரும் இல்லை.

துப்பு கொடுத்தது வளைவுதான். வலப்பக்கம் வளைத்தால் உறுமல் கூடியது, இடப்பக்கம் வளைத்தால் குறைந்தது. வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடது சக்கரத்தில் இறங்கும். ஆக, சந்தேகம் இடது முன் பேரிங் மேல், அதாவது சக்கரம் வழுக்கிச் சுழல உதவும் வளையத்தின் மேல்.

பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினேன். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டமே இல்லை. பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். ஆட்டம் இல்லாமலும் பேரிங் போயிருக்கும்! சக்கரத்துக்கு மேலே இருக்கும் காயில் ஸ்பிரிங்கில் (சுருள்வில்) ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றினேன். மணலை அரைப்பதுபோல நறநறவென்று விரல்களில் உணர முடிந்தது. வலது சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

பேரிங்கை அழுத்தி ஏற்றுவதற்குப் பிரஸ் இயந்திரம் வேண்டும் என்பதால், பேரிங் உட்காரும் பாகமான நக்கிளைக் கழற்றிப் பட்டறையில் கொடுத்தேன். நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்தச் சொன்னேன். உள் வளையத்தில் அழுத்தினால் புதுசும் அப்போதே கெட்டுவிடும். சக்கரத்தின் நடுவில் அச்சை இறுக்கும் ஆக்சில் நட்டும் புதிதாகவே போட்டேன்.