போலோ ஜிடி சஸ்பென்ஷன்: எதை முதலில் மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது

ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கியவர்கள் கொஞ்ச நாளில் கேட்கும் முதல் கேள்வி, எந்த லோயரிங் ஸ்பிரிங் போடலாம் என்பதுதான். வண்டி உயரமாக நிற்கிறது, சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற அளவுக்கு இடைவெளி, வளைவில் கொஞ்சம் சாய்கிறது, அதனால் கீழே இறக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் ஸ்பிரிங் இந்த வரிசையில் மூன்றாவதோ நான்காவதோ வர வேண்டிய சாமான். முதலில் அதை மாற்றியவர்களில் பலர் ஆறு மாதத்தில் பழையதையே திரும்ப மாட்டியிருக்கிறார்கள்.

இந்தியாவில் ஜிடி டிஎஸ்ஐ 2013இல் வந்தது: 1.2 லிட்டர் டர்போ, 105 பிஎஸ், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். 2020இல் அதற்குப் பதிலாக 1.0 டிஎஸ்ஐ வந்தது, 110 பிஎஸ். 2022இல் போலோ விற்பனையே நின்றுபோனது. அதாவது இன்று சாலையில் ஓடுகிற எந்த போலோவும் புது வண்டி கிடையாது. அதில் உள்ள ரப்பர் எல்லாம் வயதாகிவிட்டது. சென்னை வெயிலில் வெளியே நிற்கிற வண்டி என்றால் இன்னும் சீக்கிரம் காய்ந்துபோயிருக்கும்.

அதனால் முதல் வேலை, வண்டி ஷோரூமிலிருந்து வந்தபோது எப்படி ஓடியதோ அந்த நிலைக்குக் கொண்டுவருவது. பாதிப் பேருக்கு இதோடு ஆசையே தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. லிஃப்டில் ஏற்றி லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) புஷ்களை, அதாவது அதன் மூட்டில் உள்ள ரப்பர்களைப் பாருங்கள், குறிப்பாகப் பின்பக்கத்துப் பெரிய புஷ். அதில் வெடிப்பு இருந்தால் பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரம் தன் இடத்தில் நிற்காது, ஸ்டீயரிங் லேசாக அலையும். ஆன்டி ரோல் பாரை (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் ராடு தேய்ந்திருந்தால் குண்டும் குழியுமான சாலையில் மெதுவாகப் போகும்போது கடகடவென்று சத்தம் வரும். முன் ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) மேல் மவுண்டும் அதன் பேரிங்கும் போயிருந்தால் வண்டியை நிறுத்தி வைத்து ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதே டங் என்று ஸ்பிரிங் விடுபடுவது போன்ற சத்தம் கேட்கும், திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பத் தயங்கும். பால் ஜாயின்ட், டை ராடு எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை) இரண்டையும் கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இவை எதுவும் பெரிய செலவில்லாத சாமான்கள். இவற்றை விட்டுவிட்டு மேலே விலை உயர்ந்த ஷாக் போட்டால் அந்த ஷாக் செய்கிற வேலை ஸ்டீயரிங் வரை வந்து சேராது.

அடுத்தது டயர். இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும், ஆனாலும் சொல்லியாக வேண்டும்: வண்டி சாலையைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பரில்தான், சஸ்பென்ஷன் முழுவதும் அந்த ரப்பரைத் தரையோடு அழுத்தி வைப்பதற்காகவே இருக்கிறது. ஜிடியில் தொடக்கத்தில் வந்தது 185/60 ஆர்15 (அகலம் மி.மீ.யில், பக்கச்சுவர் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம், வீல் எத்தனை அங்குலம்), பிறகு 195/55 ஆர்16. பதினைந்து அங்குல வீலை வைத்துக்கொண்டே 195/60க்குப் போகலாம், மொத்த விட்டம் 603 மி.மீ.யிலிருந்து 615 மி.மீ. ஆகும், இரண்டு சதவீத வித்தியாசம், ஸ்பீடோமீட்டருக்குப் பெரிய பாதிப்பு இல்லை. பதினாறில் இருப்பவர்கள் அளவை மாற்றவே வேண்டாம், நல்ல பிடிப்புள்ள டயராக மட்டும் எடுங்கள். பதினேழு அங்குல அலாய் பார்க்க அழகு, ஆனால் கனமான வீல் குழியில் விழுந்து எழும்போது ஷாக் அந்த எடையையும் சேர்த்து அடக்க வேண்டும். பக்கச்சுவர் மெலிந்த டயர் நம் ஊர்க் குழிகளில் ஒரே அடியில் வீங்கிவிடும். டயர் தயாரித்த ஆண்டையும் பாருங்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. த்ரெட் நிறைய இருந்தாலும் ஆறேழு வருடப் பழைய டயர் மழையில் வழுக்கும்.

இப்போது ஷாக் அப்சார்பர். இங்கேதான் பணத்தைப் போட வேண்டும்.

ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குகிறது. அழுந்திய ஸ்பிரிங் எவ்வளவு வேகமாகத் திரும்பி எழ வேண்டும், உடல் எவ்வளவு சீக்கிரம் ஆட்டம் அடங்க வேண்டும் என்பதை ஷாக் தீர்மானிக்கிறது. வளைவுக்குள் நுழையும்போது வண்டி சாய்கிற வேகம், இடமிருந்து வலமாக உடனே திரும்பும்போது எடை மாறுகிற விதம், நெடுஞ்சாலையில் பாலத்தின் இணைப்பைத் தாண்டியதும் பின்பக்கம் ஒருமுறை ஆடி நிற்கிறதா இரண்டு மூன்று முறை ஆடுகிறதா, எல்லாமே ஷாக்கின் கையில். ஒன்றை மனதில் வையுங்கள்: முழுதாக வளைவில் இருக்கும்போது எவ்வளவு சாய்கிறது என்பது ஸ்பிரிங்கையும் ஆன்டி ரோல் பாரையும் பொறுத்தது, அந்தச் சாய்வு எவ்வளவு பக்குவமாக வருகிறது என்பதுதான் ஷாக்கைப் பொறுத்தது. ஓட்டுகிறவருக்கு நம்பிக்கை தருவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

பில்ஸ்டைனில் பி4, பி6, பி8 என்று மூன்று பெயர் அடிக்கடி காதில் விழும். பி4 கம்பெனி ஷாக்குக்கு இணையான மாற்று, இரட்டைக் குழாய் வகை. பி6 ஒற்றைக் குழாய், உயர் அழுத்த கேஸ், கம்பெனி ஸ்பிரிங்கோடு அதே உயரத்தில் போடுவதற்காகச் செய்தது. பி8 அதே மாதிரிதான், ஆனால் நீளம் குறைவு, இறக்கிய ஸ்பிரிங்குக்கு உரியது. ஒற்றைக் குழாயில் எண்ணெயும் கேஸும் தனித்தனியாகப் பிரிந்திருப்பதால் மலைச்சாலையில் தொடர்ந்து வேலை கொடுத்தாலும் எண்ணெய் நுரைக்காது, குழாயின் வெளிச்சுவர் நேராகக் காற்றில் இருப்பதால் சூடும் சீக்கிரம் இறங்கும். கோனியின் மஞ்சள் ஷாக்கில் ரீபவுண்டை (ஷாக் நீளும்போது காட்டும் எதிர்ப்பை) மட்டும் கூட்டிக் குறைக்கலாம். என்னிடம் கேட்டால், கம்பெனி ஸ்பிரிங்கோடு பி6, அதோடு புது ஸ்ட்ரட் மவுண்ட், புது பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அழுந்தி இடிக்காமல் தடுக்கும் ரப்பர்). கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வால்பாறையின் 40 வளைவுகளிலும் வித்தியாசம் தெளிவாகத் தெரியும், அதே சமயம் வீட்டு வாசலில் உள்ள வேகத்தடையில் அடியும் படாது. இந்திய போலோவுக்கும் ஐரோப்பிய போலோவுக்கும் உயரம் வேறு என்பதால் ஆர்டர் போடுவதற்கு முன் பாகத்தின் எண்ணை விற்பவரிடம் வண்டியின் சேசிஸ் எண் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் இறக்க வேண்டும் என்று தோன்றினால், சரி, அதையும் ஒழுங்காகச் செய்வோம். ஆனால் அளவு முக்கியம். இந்திய போலோவின் கிரவுண்ட் கிளியரன்ஸ் சுமார் 165 மி.மீ., அதுவும் காலியாக நிற்கும்போது. ஐந்து பேரும் பையும் ஏறினால் இதிலேயே கணிசமாகக் குறைந்துவிடும். 20 முதல் 25 மி.மீ. வரை இறக்குவது நம் சாலைக்கு எல்லை என்று நினைக்கிறேன்.

தரை தட்டும் என்பது மட்டும் காரணமில்லை. முன்பக்கத்தில் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். இந்த அமைப்பில் வண்டியை இறக்க இறக்க லோயர் ஆர்ம் படுத்து, பிறகு சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். வளைவில் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடை மையம் இறங்குவதைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் உள்ள தூரம் கூடுவதால் வண்டியைச் சாய்க்கிற விசையின் பிடியும் கூடுகிறது. ஆக 40 மி.மீ. இறக்கிய போலோவுக்குச் சாயாமல் இருக்கவே இன்னும் கடினமான ஸ்பிரிங் தேவைப்படும், பார்க்கத் தாழ்ந்திருந்தாலும். இதோடு டை ராடின் கோணமும் மாறுவதால் ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது ஸ்டீயரிங் தானாக லேசாகத் திரும்பப் பார்க்கும். லோயரிங் ஸ்பிரிங்கைக் கம்பெனி ஷாக்கின் மேல் போட்டால் இன்னொரு தொல்லை: ஷாக் தண்டு ஏற்கெனவே பாதி உள்ளே போயிருக்கும், வளைவின் நடுவில் சின்ன மேடு வந்தால் பம்ப் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துவிடும். அந்த நொடியில் முன்பக்கம் திடீரென்று கல் போல இறுகி டயர் பிடியை விடும், நீங்கள் திருப்பிய கோட்டைவிட்டு வண்டி நேராக வெளியே போகும். மலைச்சாலையில் இது ஆபத்து. இறக்கினால் நீளம் குறைந்த ஷாக்கோடு சேர்த்து இறக்குங்கள், இல்லையென்றால் இறக்கவே வேண்டாம். ஸ்பிரிங்கின் சுருளை அறுத்து இறக்குவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை, யாராவது பரிந்துரைத்தால் அந்தப் பட்டறைக்குப் போகாதீர்கள்.

உயரத்தைத் திருகி மாற்றுகிற காயில்ஓவர் டிராக்குக்கு அடிக்கடி போகிறவர்களுக்குத்தான். தினமும் அலுவலகத்துக்குப் போகிற வண்டிக்கு அதன் பராமரிப்பு சுமை, மழைக்காலத்துச் சேற்றில் திருகுமரை துருப்பிடித்து இறுகிவிடும்.

பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கிற, முறுகக்கூடிய குறுக்குச் சட்டம். முன்சக்கர இயக்கமுள்ள வண்டி என்பதால் போலோ இயல்பாகவே வளைவில் மூக்கை வெளியே தள்ளும். பீமோடு சேர்த்துப் பொருத்துகிற ஒரு கூடுதல் பின் பார் இதைக் குறைக்கும், பின்பக்கத்தின் சாயாத தன்மை கூடுவதால் முன் டயருக்கு வேலை குறைகிறது. காசுக்கு ஏற்ற பலன் என்று பார்த்தால் ஷாக்குக்கு அடுத்தபடி இதைத்தான் சொல்வேன். ஆனால் ஒரு எச்சரிக்கை: வளைவின் நடுவில் பயந்து சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வீசும், ஈரச் சாலையில் இன்னும் சுலபமாக. பின் டயர் நல்ல நிலையில் இல்லாத வண்டியில் இந்த பாரைப் போடாதீர்கள். இரண்டு ஸ்ட்ரட்டின் மேல்முனைகளையும் இணைக்கும் முன் ஸ்ட்ரட் பார் போலோவில் பெரிதாக எதையும் மாற்றுவதில்லை, அந்தப் பணத்தை பிரேக் பேடுக்கும் புது டாட் 4 பிரேக் ஆயிலுக்கும் கொடுங்கள்.

மாட்டுகிற வேலையில் கவனிக்க வேண்டியவை சில. முன் ஸ்ட்ரட் நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) செருகி இறுக்கியிருக்கும், அதை விரிக்க அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது, ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலும் வைத்து அடிக்கிற மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். ஸ்பிரிங்கை அழுத்துகிற கம்ப்ரஸர் சரியாக உட்காராமல் மேல் நட்டைக் கழற்றக் கூடாது, அழுந்திய ஸ்பிரிங் தெறித்தால் கையோ முகமோ போய்விடும். வீட்டில் முயற்சி செய்கிற வேலை இது இல்லை. பின்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக இருப்பதால் அங்கே வேலை சுலபம். கோணம் வைத்து இறுக்குகிற போல்ட்டுகளை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும், புதியதை முன்பே வாங்கி வையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை வண்டி லிஃப்டில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரத்தின் மேல் எடை விழுந்து வண்டி நிற்கிற உயரத்தில்தான் இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் வண்டி தரைக்கு வந்ததும் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சில மாதத்தில் கிழியும். பட்டறையில் பக்கத்தில் நின்று இதைச் சொல்லுங்கள். வீல் போல்ட் 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் வைத்து.

முடிந்ததும் முந்நூறு, நானூறு கிலோமீட்டர் ஓட்டி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு அலைன்மென்ட். உடனே செய்தால் திரும்பவும் செய்ய வேண்டியிருக்கும். போலோவில் நாம் மாற்றக்கூடியது முன்பக்க டோதான் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு), கேம்பரைப் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) பெரிதாக மாற்ற வழி இல்லை, பின்பக்கம் பீம் என்பதால் அங்கே திருக எதுவும் கிடையாது. ஆனாலும் நான்கு சக்கரத்தின் அளவையும் அச்சடித்து வாங்குங்கள். பின் டோ இரண்டு பக்கமும் பொருந்தாமல் இருந்தால் பீம் எப்போதோ அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டயர், ஷாக், பார் மூன்றையும் ஒரே நாளில் போட்டால் எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் தெரிந்த அதே சாலையில், அதே காற்றழுத்தத்தில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் அளந்த அழுத்தத்தில், நிதானமான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். எல்லையைத் தொட்டுப் பார்க்க ஆசையிருந்தால் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ டிராக் டே நடக்கும் நாளில் போங்கள். ஏற்காட்டு வளைவில் எதிரே பேருந்து வரும்.

கடைசியாக காகித வேலை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அதே உயரத்தில் போடுகிற மாற்று ஷாக் ஒன்று, வண்டியின் தோற்றத்தையே மாற்றுகிற இறக்கம் வேறு. எதைப் போட்டாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், விபத்து நடந்த பிறகு சர்வேயர் கண்டுபிடிப்பதைவிட அது நல்லது. கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் பில்லோடு பத்திரமாக வையுங்கள், விற்கும்போது பழையபடி வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலை முடிந்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை லிஃப்டில் ஏற்றி எல்லா போல்ட்டுகளையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.