ரோபோ வண்டி சாயாமல் ஓட: நிரலுக்கு முன்னால் எடையைப் பாருங்கள்

தானியங்கிக் கிடங்கில் உயரமான அலமாரியைச் சுமந்து ஓடும் ரோபோ வண்டி, பிரேக் போட்டதும் முன்பக்கம் குனிகிறது. திரும்பினால் சுமை ஆடுகிறது. இதைப் பார்த்ததும் பலரும் மடிக்கணினியைத் திறந்து பிஐடி எண்களை (மோட்டாரைக் கட்டுப்படுத்தும் நிரலின் அமைப்பெண்களை) மாற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். என் முதல் வண்டியில் நானும் அதைத்தான் செய்தேன். ஒரு வாரம் போனது, ஆட்டம் நிற்கவில்லை. கோளாறு நிரலில் இல்லை, சுமை இருந்த உயரத்தில் இருந்தது. அதனால் இங்கே முதலில் எடை, அடுத்து சக்கரம், அப்புறம்தான் நிரல்.

படி 1: எடை மையத்தின் உயரம்

ஒரு சிறிய வண்டியை வைத்துக் கணக்குப் போடலாம். அடிப்பாகம் 30 கிலோ, அதன் எடை மையம் தரையிலிருந்து 10 செ.மீ. மேலே 20 கிலோ சுமை, அதன் மையம் 60 செ.மீ. உயரத்தில். இரண்டுக்கும் பொதுவான மையம்: (30×10 + 20×60) ÷ 50 = 30 செ.மீ.

அதே 20 கிலோவை 120 செ.மீ. உயரத்துக்கு ஏற்றினால் பொது மையம் 54 செ.மீ. ஆகிவிடுகிறது. எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை, ஆனால் வண்டியின் குணமே மாறிவிட்டது. பேட்டரி எப்போதும் அடித்தட்டில்தான் இருக்க வேண்டும், கனமான பொருள் கீழ்த்தட்டில்தான் போக வேண்டும் என்பதெல்லாம் இதனால்தான்.

படி 2: சாயும் எல்லை

சக்கரங்கள் தரையைத் தொடும் புள்ளிகளைக் கோட்டால் இணையுங்கள். எடை மையத்திலிருந்து நேர்கீழே உள்ள புள்ளிக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள தூரத்தை மைய உயரத்தால் வகுத்து 9.81-ஆல் பெருக்கினால், வண்டி கவிழாமல் தாங்கும் எதிர்முடுக்கம் (வேகம் குறையும் வீதம்) கிடைக்கும்.

முன்சக்கரம் அந்தப் புள்ளியிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். மையம் 30 செ.மீ. உயரத்தில் இருந்தால் எல்லை 6.5 மீ/வி². 54 செ.மீ. உயரத்தில் 3.6 மட்டுமே.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். எல்லாச் சக்கரங்களும் பிரேக் பிடிக்கும் வண்டியில் உராய்வுக் குணகம் (சக்கரத்துக்கும் தரைக்கும் உள்ள பிடிமானத்தின் அளவு) 0.5 என்றால், 4.9 மீ/வி²-ஐத் தாண்டியதும் சக்கரம் வழுக்கிவிடும். அதாவது தாழ்வான சுமையோடு வண்டி சாய்வதற்கு முன்பே வழுக்கும். உயரமான சுமையோடு வழுக்குவதற்கு முன்பே சாயும். ஆக, பிடிமானம் அதிகமான சக்கரத்தை மாட்டினால் எல்லாம் சரியாகும் என்று நினைத்தால், உயரமான சுமையில் அது ஆபத்தைத்தான் கூட்டும்.

சக்கரங்களின் இடமும் முக்கியம். பக்கத்துக்கு ஒரு மோட்டார் சக்கரம், முன்னும் பின்னும் நடுவில் ஒரு காஸ்டர் (எந்தத் திசைக்கும் தானே திரும்பும் மோட்டார் இல்லாத சக்கரம்) என்று வைத்தால் சாய்சதுரம் உருவாகும். மோட்டார் சக்கரங்கள் நடுவிலிருந்து 18 செ.மீ. தள்ளி இருந்தாலும், மூலைவிட்டத் திசையில் விளிம்பு வெறும் 13 செ.மீ. தூரத்தில் வந்துவிடும். நான்கு மூலையிலும் காஸ்டர் வைப்பதே நல்லது.

படி 3: பலகைச் சோதனை

கணக்கை அப்படியே நம்பாதீர்கள். சுமையேற்றிய வண்டியை 1 மீட்டர் பலகையில் முன்பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். முன்சக்கரங்களுக்கு மெல்லிய தடுப்பு வைத்து, மேலிருந்து தளர்வான கயிறு கட்டி ஒருவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையைத் தூக்குங்கள். பின்சக்கரம் எழும்பும் கோணத்தின் டேன்ஜென்ட்டை 9.81-ஆல் பெருக்கினால் அதே எல்லை வரும். நம் உயரமான சுமைக்குப் பலகை சுமார் 35 செ.மீ. எழும்போது, அதாவது ஏறக்குறைய 20 டிகிரியில், இது நடக்கும்.

கிடைத்த எண்ணில் பாதியை மட்டுமே அன்றாட ஓட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன்: 1.8 மீ/வி².

படி 4: சக்கரங்கள் தரையைத் தொடுகின்றனவா?

நான்கு காஸ்டரும் இரண்டு மோட்டார் சக்கரமும் விறைப்பான சட்டத்தில் இருந்தால், தரையில் சிறு மேடு வந்தாலே ஒரு மோட்டார் சக்கரம் காற்றில் சுழலும். மோட்டார் சக்கரங்களுக்கு ஸ்பிரிங் கொடுங்கள், அல்லது சட்டத்தை நடுவில் கீல் வைத்து இரண்டாகப் பிரியுங்கள். முன்னோக்கிப் போன வண்டி பின்னோக்கி நகரத் தொடங்கும்போது காஸ்டர் அரைவட்டம் சுழன்று உடலைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த முதல் சில செ.மீ. தூரம் மெதுவாக ஓட்டினால் போதும்.

படி 5: திருப்பம்

உயரமான சுமையோடு, பக்கவாட்டு எல்லைக்கு 18 செ.மீ.-ஐ எடுத்துக்கொண்டால் 3.3 மீ/வி². அதில் பாதியை அரை மீட்டர் ஆர வளைவால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: விநாடிக்கு 0.9 மீட்டர். வளைவு இறுகினால் வேகம் குறைய வேண்டும் என்பதை நிரலிலேயே எழுதிவிடுங்கள். 2012-ல் அமேசான் வாங்கிய கிவா நிறுவனத்தின் வண்டிகள் நின்ற இடத்தில் திரும்பும்போது, மேல்தட்டு எதிர்த்திசையில் சுழலும்; அலமாரி திசை மாறாமல் அப்படியே நிற்கும். சுமையைச் சுழற்றாமலே திரும்பும் அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

படி 6: ஆட்டத்தை அடக்குதல்

இப்போது நிரல். அலமாரியின் உச்சியை லேசாகத் தட்டி, கைபேசியில் ஸ்லோமோஷனில் படம் பிடித்து, ஒருமுறை போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். முடுக்கத்தைச் சட்டென்று 1.8-க்குக் கொண்டுபோகாமல், சரியாக அந்த அரை விநாடியில் சீராக ஏற்றுங்கள், இறக்குவதும் அப்படியே. ஏற்றும் நேரமும் ஆட்டத்தின் நேரமும் ஒன்றாக இருந்தால் ஆட்டம் தன்னைத்தானே பெருமளவு அழித்துக்கொள்ளும். இதைச் செய்து பார்த்த முதல் நாள், அலமாரி அசையாமல் நின்றதை நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

இதற்கு ஒரு விலை உண்டு. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்திலிருந்து நிற்க முன்பு 28 செ.மீ. போதும், இப்போது 53 செ.மீ. வேண்டும். வழித்திட்டத்தில் நிறுத்தும் தூரத்தைக் கூட்டுங்கள்.

படி 7: அவசர நிறுத்தம்

அவசர பொத்தானை அழுத்தினால் இந்த மென்மையான ஏற்ற இறக்கம் எதுவும் வேலை செய்யாது. பிரேக் முழுதாகப் பிடிக்கும். அப்போதும் எதிர்முடுக்கம் 3.6-ஐ நெருங்கக் கூடாது. அலமாரியின் உச்சியில் ஒரு எம்பியு-6050 உணரியை (முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கும் சில்லு) ஒட்டி, பொருட்களுக்குப் பதில் மணல் மூட்டை ஏற்றி, குறைந்த வேகத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி அழுத்திப் பாருங்கள். பின்சக்கரம் எழும்பும் அறிகுறி தெரிந்தால், பிரேக்கின் பலத்தைக் குறைப்பதற்கு முன் சுமையின் உயரத்தைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். பிரேக்கைத் தளர்த்தினால் எதிரே நிற்கும் மனிதருக்கும் வண்டிக்கும் இடையில் மிஞ்சும் தூரம்தான் குறையும்.