ஹிட்லர் ஆட்சிக்கு வந்த கதை: மேடையேறும் தம்பி, தங்கைகளுக்கு

கல்லூரிப் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராகப் போய்வருகிறேன். சர்வாதிகாரம் என்று தலைப்புக் கொடுத்தால் போதும், பாதிப் பேருக்கு மேல் ஹிட்லரை இழுத்து வந்துவிடுவார்கள். அப்புறம் நான் பத்தொன்பது வயதில் செய்த அதே தவறுகள் வரிசையாக வரும். தேதி மாறுவது, பெயர் குழறுவது இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. என் பிரச்சினை வேறு: மேடைதோறும் கேட்கிற, கீழே ஒவ்வொன்றாகத் தந்திருக்கும் இந்த வசனங்கள்.

"பெரும்பான்மை மக்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்தார்கள்"

இதைக் கேட்டால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஓர் இறுதிச் சுற்றில் நானும் இதையே முழங்கிக் கைதட்டு வாங்கினேன். நடுவராக இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எத்தனை சதவீதம் தம்பி?" என்றார். "ஐம்பதுக்கு மேல இருக்கும் ஐயா." கோப்பை போயே போச்சு.

சரி, கணக்குக்கு வருவோம். 1932 ஏப்ரல் ஜனாதிபதித் தேர்தலில் ஹிண்டன்பர்க் 53 சதவீதம், ஹிட்லர் 36.8, தோல்வி. ஜூலை நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய கட்சியான நாஜிகளுக்கு 608-இல் 230 இடம்; தனிப்பெரும் கட்சி, ஆனால் பெரும்பான்மை கிடையாது. நவம்பரில் மறுபடி தேர்தல், 20 லட்சம் ஓட்டு சரிந்து 33.1 சதவீதத்துக்கு இறங்கினார்கள், கட்சியில் காசும் இல்லை. இப்படி இறங்குமுகத்தில் இருந்தவருக்குத்தான் 1933 ஜனவரி 30 அன்று சான்சலர் பதவி, அதாவது பிரதமர் நாற்காலி, வந்தது. கொடுத்தவர் ஜனாதிபதி ஹிண்டன்பர்க். பேசி முடித்தவர் முன்னாள் சான்சலர் பாப்பன், தன் நாற்காலியைப் பறித்துச் சான்சலரான ஷ்லைகர்மேல் இருந்த கடுப்பில். மந்திரிசபையில் ஹிட்லரோடு சேர்த்து நாஜிகள் மூன்றே பேர், மற்றவர்கள் நம் ஆட்கள், ஆளைக் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பது பாப்பனின் கணக்கு. ஆனால் அந்த மூவரில் ஃப்ரிக்கிடம் உள்துறை, கோரிங்கிடம் ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் போலீஸ்! தலையை எண்ணினார்கள், இலாகாவைப் பார்க்கவில்லை. மூன்றில் ஒருவர் ஓட்டுப் போட்டது உண்மை, அதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் பழியை மொத்தமாக ஓட்டுச்சாவடியில் இறக்கிவிட்டால், கதவைத் திறந்துவிட்ட கனவான்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

"கூடை நிறையப் பணம் கொடுத்து ரொட்டி வாங்கினார்கள், அதனால் ஹிட்லர் வந்தார்"

அந்தப் பணவீக்கம் 1923-இல் உச்சத்துக்குப் போனது, அந்த ஆண்டு முடிவதற்குள் புது நாணயம் வந்து அடங்கியது. 1928-இல் நாஜிகள் வாங்கியது 2.6 சதவீதம், 12 இடம். அவர்களைத் தூக்கிவிட்டது 1929-க்குப் பிந்தைய பெருமந்தம். 1932-இல் 60 லட்சம் பேருக்கு வேலை இல்லை. கூடைக் கதை சொல்லச் சுவையாக இருக்கும், அவ்வளவுதான்.

"நாடாளுமன்றம் எரிந்தது, ஆட்சி கைக்கு வந்தது"

எரிந்தது பிப்ரவரி 27. அவர் சான்சலராகி நான்கு வாரம் ஆகியிருந்தது. மறுநாள் பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை எல்லாவற்றையும் முடக்கிய அவசர ஆணைக்கு ஆதாரம், நெருக்கடியில் ஜனாதிபதி ஆணை போட இடம்கொடுத்த அரசியல் சட்டத்தின் 48-ஆவது பிரிவு. 1930-இலிருந்தே நாடாளுமன்றத்தை ஓரங்கட்டி அந்தப் பிரிவை வைத்துத்தான் ஆண்டுகொண்டிருந்தார்கள். ஊருக்கு அது பழகிப்போயிருந்தது.

"எல்லாம் சட்டப்படி நடந்தது"

மார்ச் 23, நாடாளுமன்றம் இல்லாமலே மந்திரிசபை சட்டம் போடலாம் என்ற அதிகாரமளிப்புச் சட்டம், 444-க்கு 94 ஓட்டில் நிறைவேறியது. கம்யூனிஸ்டுகள் 81 பேரை உள்ளேயே விடவில்லை, அவைக்குள் நாஜிகளின் பழுப்புச் சட்டை அடியாட்கள் நின்றார்கள்.

"முசோலினி படையோடு ரோமுக்கு நடந்தார்"

ஹிட்லரோடு இத்தாலிய சர்வாதிகாரி முசோலினியையும் இழுப்பார்கள். அவர் நடக்கவில்லை. இத்தாலி மன்னர் கூப்பிட்டார், மிலானிலிருந்து ராத்திரி ரயிலில் போனார்.